வெப்சைட்டில் வெற்றிலை பாக்கு வைக்க முடியாது

காலி நாற்காலியைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு எங்கள் பள்ளி மைதானத்தில், பந்தல்காரரிடம் கெஞ்சி வாங்கிய சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசை கட்டிக் கிடந்தன. ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற காற்றுக்கு, ஆள் உட்காராத பிளாஸ்டிக் நாற்காலி என்றால் ரொம்ப இளக்காரம். பின்வரிசையில் ஒன்றைத் தள்ளும். சத்துணவு அம்மா ஓடிப் போய் நிமிர்த்தி வைப்பார். அதற்குள் முன்வரிசையில் ஒன்று குப்புற விழும். பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்தது காற்று மட்டும்தான்.

கல்வி அதிகாரி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஓர் இளநீரைக் குடித்து முடித்து, “வேண்டாம், வேண்டாம்” என்றபடியே இன்னொன்றையும் குடித்து முடித்திருந்தார்.

“பெற்றோருக்குத் தகவல் சொன்னீங்களா இல்லையாம்மா?”

“சொல்லியாச்சு சார். எங்க வகுப்பு வெப்சைட்ல போட்டிருக்கோம். ஊரே பார்த்திருக்கு.”

பெருமையாகப் போனை எடுத்து நீட்டினேன். பள்ளிக்கூடத்தில் சிக்னல் கிடையாது என்பது அந்தப் பதற்றத்தில் மறந்துவிட்டது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அதிகாரி அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது சுற்றிக்கொண்டே இருந்தது.

“பார்த்தவங்க எல்லாம் எங்கேம்மா?” என்றார்.

அதற்குப் பதில் தெரிந்திருந்தால் நான் ஏன் அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்?

அது சாதாரணக் கூட்டமில்லை. பிள்ளைகள் குறைந்துபோன பள்ளிகளை மூடி, பக்கத்துப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்ட சமயம். எங்கள் பள்ளியின் பெயரும் அதில் இருந்தது. பெற்றோரில் பாதிப் பேருக்கு மேல் நேரில் வந்து ‘எங்களுக்கு இந்தப் பள்ளி வேண்டும்’ என்று அதிகாரியிடம் சொன்னால் இந்த வருஷம் தப்பும். வராவிட்டால் பிள்ளைகள் மெயின் ரோட்டுப் பள்ளிக்குப் போக வேண்டும். வாய்க்கால் மேட்டில், ஆள் நடமாட்டமில்லாத தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகிற பாதை. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. பைக் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் போய்விடுவார்கள். மற்றவர்கள், அதிலும் பெண் பிள்ளைகள், படிப்பை நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

மயில் உட்கார்ந்த கேபிள்

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்த வாரமே பால் சொசைட்டியில் சத்தமாகப் படித்துவிட்டு, என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள். பொள்ளாச்சிக்குத் தெற்கே, மலையடிவாரத்தில், தென்னைக்குள் ஒளிந்திருக்கிற ஓர் ஊர். காட்டுப்புதூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பு வரை. நான் கணக்கு, அறிவியல், அப்புறம் கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டர் என்னிடம் வந்து சேர்ந்த கதையைக் கேளுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவை தலைமையாசிரியர் அறையில் பிளாஸ்டிக் உறையோடு இருந்தன. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் உறைக்கு மேலேயே சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டிருக்கிறார்கள். உறையைப் பிரித்ததே இல்லை. “பசங்க தொட்டுக் கெடுத்துப்போட்டா யாருங்க டீச்சர் பதில் சொல்றது?” என்றார் தலைமையாசிரியர் பொன்னுசாமி சார். மிக நல்ல மனிதர். எதற்கும் பயப்படுவார். கம்ப்யூட்டருக்கு அவர் கொடுத்த மரியாதையில் பாதியை அதைப் படிக்க வேண்டிய பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கலாம்.

உறையைக் கிழித்தேன். அப்புறம் இணையத்துக்கு அலைந்தேன். ஒருவழியாகக் கேபிள் வந்தது. தென்னைக்குத் தென்னை கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் பக்கம் மயில்கள் காக்கையைவிட அதிகம். நல்ல கனமான ஆண் மயில் ஒன்று தினமும் காலையில் அந்தக் கேபிளில்தான் வந்து உட்காரும். கேபிள் அறுந்துவிடும். கம்பெனிக்குப் போன் செய்தால், “மயிலை விரட்டி விடுங்க மேடம்” என்றார்கள். தேசியப் பறவையைக் கல்லால் அடித்துவிட்டு நான் ஜெயிலுக்குப் போகவா?

போன் சிக்னலாவது இருக்கிறதா என்றால், ஊரிலேயே ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. பால் சொசைட்டி மேடையில். காலையிலும் சாயங்காலமும் பால் ஊற்ற வருகிறவர்கள் எல்லாரும் அங்கே போனை நோண்டிக்கொண்டு நிற்பார்கள். மத்தியானத்தில் நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மேடையில்தான் எங்கள் பக்கங்களை ஏற்றுவேன். சொசைட்டிச் செயலாளருக்கு அது பிடிக்காது. “பால் ஊத்தறதுன்னா வாங்க. சும்மா வந்து உக்காந்து சிக்னலை எல்லாம் உறிஞ்சிப்போட்டா, சாயந்தரம் எங்களுக்கு எங்கீங்க இருக்கும்?” என்பார். சிக்னல் உறிஞ்சினால் தீர்ந்துபோகிற பொருளில்லை என்று நான் அறிவியல் பாடமே நடத்தியிருக்கிறேன். நம்பவில்லை.

முட்டைச் செய்தி

இத்தனைக்கும் நடுவில்தான் அந்த வெப்சைட். ஒரு பொங்கல் விடுமுறையில் நான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு ஆரம்பித்தது. இலவசத் தளம். மேலே மஞ்சள் எழுத்தில் பள்ளியின் பெயர். கீழே பிள்ளைகள் எழுதியது, வரைந்தது, படம் எடுத்தது.

முதலில் ஊரில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் ஏழாம் வகுப்பு ஜெனிபர், ‘இன்றைய செய்தி’ என்று ஒரு பகுதி எழுத ஆரம்பித்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனிப் பிள்ளை. அம்மா ஸ்டெல்லா தென்னை நார் மில்லில் வேலை பார்க்கிறார். அப்பா இளநீர் லாரிக்கு லோடு ஏற்றுகிறார். அவள் எழுதிய முதல் செய்தியே, ‘சத்துணவில் இன்று போட்ட முட்டைகள் நேற்றைவிடச் சின்னதாக இருந்தன. ஏன் என்று தெரியவில்லை’ என்பதுதான். ஏன் என்று தெரிந்துகொள்ள ஊர் மொத்தமும் சொசைட்டி மேடையில் கூடிவிட்டது. சத்துணவு அம்மா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் முட்டை பழைய அளவுக்கு வந்துவிட்டது.

அப்புறம் கேட்கவா வேண்டும்? தேங்காய் விலை போடுங்கள் என்றார்கள், போட்டோம். காணாமல் போன கன்றுக்குட்டியின் படம் போடுங்கள் என்றார்கள், போட்டோம். கன்றும் கிடைத்தது. பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எழுதினால் மட்டும் ஒருவரும் திறப்பதில்லை. வகிடு எடுத்துச் சீவிக்கொண்டு நிற்கிற தன் பிள்ளையின் படம் வந்தால் மட்டும், “டீச்சர், எம் பையன் கண்ணை மூடிட்டு இருக்கான், வேற போடுங்க” என்பார்கள்.

இப்படி ஊரே தினமும் பார்க்கிற இடத்தில்தான் அந்தக் கூட்டத்து அழைப்பைப் போட்டேன். பெரிய எழுத்தில், தேதி, நேரம், பள்ளி மூடப்படலாம் என்ற விஷயம், கடைசியில் ‘அனைவரும் தவறாமல் வருக’. அந்தப் பக்கத்தைத் திறந்தவர்களின் எண்ணிக்கை ஊர் ஜனத்தொகையைத் தாண்டிவிட்டது. சிலர் ரெண்டு தடவை பார்த்திருக்க வேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. பேப்பர் இல்லை, தண்டோரா இல்லை, செலவில்லை, அலைச்சலில்லை. இதுவல்லவா முன்னேற்றம் என்று என் வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். அவர், “பாப்போம்” என்றார். அவர் ‘பாப்போம்’ என்றாலே எனக்கு எரிச்சல் வரும்.

வந்தவர்கள்

அதிகாரி எழுந்துவிட்டார். ஜீப் டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்போதுதான் வாசலில் ஆள் தெரிந்தது.

முதலில் ஸ்டெல்லா. பின்னால் காலனியில் எங்களிடம் பிள்ளைகளை அனுப்புகிற அத்தனை வீட்டுக்காரர்களும். மில்லில் அரை நாள் லீவு கேட்டு, நேராக அங்கிருந்தே வந்திருந்தார்கள். தலைமுடியிலும் சேலையிலும் நார்த் தூசி. வந்தவர்கள் நாற்காலிப் பக்கமே வரவில்லை. வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றார்கள்.

“உக்காருங்க, உக்காருங்க” என்றேன்.

“இருக்கட்டுங்க டீச்சர்.”

“இத்தனை நாற்காலி கிடக்குதே!”

“பரவால்லீங்க. இப்படி நிக்கிறோம்.”

நினைத்துப் பாருங்கள். நாற்காலிகள் உருளுகின்றன, மனிதர்கள் நிற்கிறார்கள். எனக்கு அழுகை வந்ததா கோபம் வந்ததா என்று கேட்டால், கோபம்தான் வந்தது. எனக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும்.

அதிகாரி கண்ணாலேயே எண்ணிவிட்டு, “இவ்வளவுதானா? ஊர்க்காரங்க ஒருத்தரும் வரலையா?” என்றார்.

“இவங்க ஊர்க்காரங்க இல்லையா சார்?” என்று கேட்டுவிட்டேன்.

நான் கருமத்தம்பட்டிக்காரி. விசைத்தறி ஓடுகிற வீட்டில் பிறந்து வளர்ந்தவள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. எனக்கு மெதுவாகக் கேட்க வராது. மைதானம் முழுக்கக் கேட்டது. பொன்னுசாமி சார் அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அதிகாரி கெட்டவரில்லை. முகம் சிவந்துவிட்டது. “அப்படிச் சொல்லலைம்மா. பாதிக்கு மேல வேணுமே, அதுக்குச் சொன்னேன்” என்றார். அடுத்த வாரம் ஒரு தடவை வருகிறேன், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் கிளம்பும்போது ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து நின்றார். “பள்ளிக்கூடம் போச்சுன்னா ஜெனிபரை அத்தனை தூரம் ஒத்தையில அனுப்ப மாட்டனுங்க டீச்சர். எங்கூட மில்லுக்குத்தான் கூட்டிட்டுப் போகோணும். இப்பவே சொல்லிப்போடறேன், நீங்க அப்புறம் எம்மேல கோவிச்சுக்கக் கூடாது” என்றார்.

ஜெனிபர் பக்கத்திலேயே நின்று உருண்டு கிடந்த ஒரு நாற்காலியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். காதில் விழாத மாதிரி.

தபால்காரர் கூப்பிட்ட கல்யாணம்

அன்று சாயங்காலம் பஸ்ஸைத் தவறவிட்டுப் பால் சொசைட்டிக்குப் போனேன். சண்டை போடுவதற்கென்றே போனேன். பெரிய தோட்டத்து ராமசாமி அய்யா பால் கேனோடு நின்றுகொண்டிருந்தார். ஊரில் மூத்தவர், அவர் ஒரு பக்கம் நடந்தால் ஊர் அந்தப் பக்கம் நடக்கும். அவருடைய பேரன், மெட்ரிக் பள்ளியில் சேட்டை தாங்காமல் திருப்பி அனுப்பப்பட்டு, எங்களிடம் ஆறாம் வகுப்பு படிக்கிறான்.

“ஏனுங்கய்யா, கூட்டத்துக்கு வரவே இல்லீங்களே? வெப்சைட்ல பார்க்கலீங்களா?”

“பாத்தனுங்க டீச்சர். நல்லாப் போட்டிருந்தீங்க. அந்த மஞ்சக் கலரு கண்ணுக்குக் குளிர்ச்சியா இருந்துச்சு.”

“அப்புறம்?”

“அப்புறமென்னங்க? ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்தை யாரும் சொல்லலீங்களே.”

“அனைவரும் தவறாமல் வருகன்னு போட்டிருந்தேனே!”

“அது பொதுவாப் போட்டதுங்க. கூப்புடாத எடத்துக்கு எப்படீங் வாரது? நாலு பேரு என்ன நெனைப்பாங்க?”

சுற்றி நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். எல்லாரும் படித்திருக்கிறார்கள். எல்லாருக்கும் தேதி தெரியும். பள்ளி மூடப்படும் என்பதும் தெரியும். பத்து மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு வீட்டில் காத்திருந்தவர்கள்கூட உண்டு, யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று! எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், இது எனக்குத் தெரியாத சங்கதியே இல்லை. என் கல்யாணத்துக்கு எங்கள் அப்பா, தறி வேலை நெருக்கடியில், காரமடைப் பெரியம்மா வீட்டுக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார். அம்மாவின் கூடப் பிறந்த அக்காள் வீடு. ஒருவரும் வரவில்லை. அதற்கப்புறம் எந்த விசேஷத்தில் பார்த்தாலும் பெரியப்பா, “தபால்காரரு வந்து கூப்பிட்டாருங்க. சரி, அவரு ஊட்டு விசேஷமாட்ட இருக்குதுன்னு இருந்துட்டோம்” என்பார். கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா கடைசி வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார்.

எங்கள் பக்கத்து மரியாதையில் இப்படி ஒரு வில்லங்கம் உண்டு. வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடுவோம். வர மாட்டேன் என்று யாரும் சொல்ல மாட்டோம். வராமல் இருந்துவிடுவோம்.

வரிசை

ஆக, வீடு வீடாகப் போவது என்று முடிவாயிற்று. தட்டு, வெற்றிலை பாக்கு, பழம், சந்தனம், குங்குமம். ஒரு பெற்றோர் கூட்டத்துக்கு! இருபத்தோராம் நூற்றாண்டில்! பி.எட். படிப்பில் இதை ஏன் பாடமாக வைக்கவில்லை என்று தெரியவில்லை.

பொன்னுசாமி சார் உற்சாகமாகிவிட்டார். இது அவருக்குத் தெரிந்த வேலை. “பெரிய தோட்டத்துல இருந்து ஆரம்பிச்சரலாமுங்க டீச்சர். அப்புறம் அவங்க பங்காளிக ஊடு. அப்புறம் கெழக்கு வீதி.”

“காலனிக்கு?”

அவர் தட்டைப் பார்த்தபடி சொன்னார்: “அவங்கதான் போன தடவையே வந்துட்டாங்களே. பிள்ளைககிட்ட சொல்லி உட்டாப் போதாதுங்களா?”

“அங்கிருந்துதான் ஆரம்பிக்கப் போறேன் சார்.”

“டீச்சர், டீச்சர்… வேண்டாமுங்க. பெரிய ஊட்டுக்கு முன்னால அங்க போனா, இவங்க யாரும் வர மாட்டாங்க. பள்ளிக்கூடம் போயிருமுங்க. எம் பேச்சைக் கேளுங்க.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. வரிசை தப்பினால் அந்த ஒரே காரணத்துக்காகவே ஊர் வராமல் இருந்துவிடும். அப்படி ஆனால் ஜெனிபர் நார் மில்லுக்குப் போவாள். ராத்திரி முழுக்க இதையே நினைத்தேன். ஆனால், சொல்லாமலே வந்து நின்றவர்களை விட்டுவிட்டு, சொல்லவில்லை என்று முறுக்கிக்கொண்டவர்களுக்கு முதல் வெற்றிலை வைக்க என் கை வராது. மறுநாள் காலையில் தட்டை எடுத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினேன். பொன்னுசாமி சார் கூட வந்தார். குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார், ஆனாலும் வந்தார்.

ஸ்டெல்லா வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்ததும் எழுந்து கையைச் சேலையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“என்னங்க டீச்சர், உங்கூட்ல விசேஷமுங்களா?”

“பள்ளிக்கூடத்துல கூட்டம். வெள்ளிக்கிழமை. உங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு நீங்க வரணும். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

“அதான் ஜெனிபரு வெப்சைட்ல போட்டிருக்குதுங்களே. நாங்க எப்படியும் வருவமுங்க.”

“தெரியும். இருந்தாலும் வந்து சொல்லணும்ல?”

கிறிஸ்தவ வீடு; குங்குமத்தை நீட்டுவதா வேண்டாமா என்று எனக்குக் குழப்பம். சந்தனத்தை மட்டும் நீட்டினேன். மணிக்கட்டில் கொஞ்சம் பூசிக்கொண்டார். வெற்றிலை பாக்கை இரண்டு கையாலும் வாங்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்து, கடைசியில் டி.வி.யின் மேல் மாட்டியிருந்த மாதா படத்துக்குக் கீழே வைத்தார்.

“போன தடவை வீட்டுக்கு வந்து சொல்லலைன்னு உங்களுக்கு வருத்தமில்லையா?” என்று கேட்டேன்.

ஸ்டெல்லா சிரித்தார். “எங்களுக்கெல்லாம் யாருங்க ஊட்டுக்கு வந்து சொல்லியிருக்கறாங்க? ஊருக்குள்ள கல்யாணம்னா, ரோட்டுல நின்னு ஒரு சத்தம் குடுத்துப்போட்டுப் போவாங்க. வெப்சைட்லயாவது ‘வருக’ன்னு மரியாதையாப் போட்டிருந்துச்சு. எங்களுக்கு அதுவே பெருசா இருந்துச்சுங்க.”

நான் மஞ்சள் எழுத்தில் போட்ட அதே ஒரு வரி. ஒரு பக்கத்துக்கு அது அவமானம். இன்னொரு பக்கத்துக்கு அதுதான் முதல் அழைப்பு. டீ குடிக்கச் சொன்னார். குடித்தோம். பொன்னுசாமி சாரும் குடையை மடக்கி வைத்துவிட்டுக் குடித்தார்.

நாங்கள் காலனியை முடித்துவிட்டுப் பெரிய தோட்டத்துக்கு வருவதற்குள் சேதி வந்து சேர்ந்துவிட்டது. ஒரு மேடையைத் தவிர எங்கேயும் சிக்னல் கிடைக்காத ஊர், இதற்கு மட்டும் எந்த டவரும் வேண்டியதில்லை. ராமசாமி அய்யா களத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தட்டை நீட்டினேன். கை நீட்டவில்லை.

“வரிசை தப்பிப்போச்சாட்டிருக்குதுங்களே டீச்சர்.”

பொன்னுசாமி சார் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டார். எனக்குத் தறித் தொண்டை திறந்துகொண்டது. ஆனால் அதிசயமாக, அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினேன்.

“தப்பலீங்கய்யா. போன கூட்டத்துக்கு யாரு வந்தாங்களோ அந்த வரிசையிலதான் சொல்லிட்டு வாரேன். நீங்க முதல்ல வந்திருந்தா உங்க ஊட்டுக்குத்தான் முதல்ல வந்திருப்பேன்.”

அவர் என்னைப் பார்த்தார். தேங்காய் மட்டை உரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கை கடுக்க ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் போயிற்று, என் வாயால் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

“எத்தனை மணிக்குங்க?” என்றார்.

“பத்து மணிக்குங்கய்யா.”

“அம்மணி, டீச்சரு வந்திருக்கறாங்க, தண்ணி கொண்டா” என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, வெற்றிலையை எடுத்துக்கொண்டார். சந்தோஷமாக எடுத்தார் என்று சொல்ல மாட்டேன். எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மற்ற வீடுகளின் கதை தனிக் கதை. ஒரு வீட்டில், “அவரு தோப்புக்குப் போயிருக்காருங்க. அவருகிட்டயும் ஒரு வார்த்தை நேருல சொல்லிருங்க” என்று என்னைத் தோப்புக்கு அனுப்பினார்கள். இன்னொரு வீட்டில், “எங்க மச்சாண்டார் ஊட்டுக்குச் சொல்லாம எங்களுக்குச் சொன்னா எப்படீங்?” என்று கணவரின் அண்ணன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, என் வீட்டுக்காரர், “வெப்சைட் எப்படி ஓடுது?” என்று கேட்டார். இன்னொரு சொம்பு சுடுதண்ணீர் ஊற்றச் சொன்னேன்.

முன்வரிசை

வெள்ளிக்கிழமை அதே நாற்காலிகள், அதே காற்று. பத்து மணிக்கு ராமசாமி அய்யா சலவை வேட்டியில் வந்தார். அவர் பின்னால் ஊர் வந்தது. அதிகாரி இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்தார். நாற்காலிகள் நிரம்பிக்கொண்டே வந்தன. பின்வரிசை, நடுவரிசை. முன்வரிசையில் மட்டும், பெரியவருக்குப் பக்கத்தில், யாரும் உட்காராமல் விட்டிருந்தார்கள். மரியாதைக்காகத்தான்.

காலனிக்காரர்கள் வரவில்லை. வேப்பமரத்தடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். காலியாக இருந்தது.

அப்புறம் வந்தார்கள். எனக்கு ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. ஸ்டெல்லா அரக்குப் பட்டுப்புடவை கட்டியிருந்தார். கல்யாணப் புடவையாகத்தான் இருக்க வேண்டும். மடிப்புக் கோடுகள் அப்படியே தெரிந்தன. தலையில் பூ. கூடவே வீட்டுக்காரர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். பின்னால் வந்தவர்களும் அப்படித்தான், திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் எடுக்கிற துணிமணியில். ஒரு தூசி இல்லை.

வேப்பமரத்தைத் தாண்டி வந்தார்கள். ஸ்டெல்லா நேராக நடந்து வந்து, காலியாக இருந்த முன்வரிசையில், பெரியவருக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் வீட்டுக்காரர். மற்றவர்கள் ஒரு கணம் தயங்கிவிட்டு அதே வரிசையில் உட்கார்ந்தார்கள். ராமசாமி அய்யா தலையைத் திருப்பவில்லை. எழுந்தும் போகவில்லை.

அதிகாரி, “இந்தப் பள்ளி வேணும்ங்கறவங்க சொல்லுங்க” என்றார். முதலில் எழுந்தது ஸ்டெல்லாதான். “எம் பொண்ணு இங்கதாங்க படிக்கோணும்” என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். பெரியவரும் சொன்னார்.

பள்ளிக்கூடம் தப்பித்தது. இந்த வருஷத்துக்கு மட்டும். அடுத்த வருஷம் இதே கூட்டம், இதே அதிகாரி அல்லது வேறொருவர். ஜெனிபர் சொசைட்டி மேடையில் உட்கார்ந்து அன்றைய செய்தியை ஏற்றினாள்: ‘கூட்டத்துக்கு எல்லாரும் வந்தார்கள். எங்கள் அம்மா பட்டுப்புடவை கட்டி முன்னால் உட்கார்ந்தார்.’ முட்டைச் செய்தியைவிட அதிகம் பேர் அதைத் திறந்தார்கள்.

கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லாவிடம் கேட்டேன், “போன தடவை உக்காரச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுதே, இன்னிக்கு என்ன?”

“அன்னிக்குச் சும்மா வந்தோமுங்க. இன்னிக்கு நீங்க அழைச்சு வந்திருக்கோமில்லீங்க?” என்றார், அது எனக்குத் தெரியாதா என்பதுபோல.

ஜெனிபர் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். ஸ்டெல்லா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் தயங்கி, “அடுத்த கூட்டத்துக்கு வெப்சைட்ல போட்டுருவீங்களா டீச்சர்? இல்ல, ஊட்டுக்கு வந்து சொல்லுவீங்களா?” என்று கேட்டார்.

கால் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. தோப்பும் வாய்க்காலும் மச்சாண்டார் வீடும் எல்லாம் கண் முன்னால் வந்தன. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

“ஊட்டுக்கே வாரேன்” என்றேன்.